மேட்டுக்குத்தான் மூச்சு வாங்குது என்று இருந்துவிடாதீர்கள்

ரோட்டிலிருந்து எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுக்கு, 112 படி. பதினெட்டு வயதில் ஒரே மூச்சில் ஏறுவேன். இருபதில், நடுவில் நிற்கும் கொய்யா மரத்தடியில் நின்று செருப்பு வாரைச் சரிசெய்யத் தொடங்கினேன். வார் நன்றாகத்தான் இருந்தது. அடுத்த வருடம் மூன்று இடத்தில் நின்றேன். "மேடு ஏறினா யாருக்குத்தான் மூச்சு வாங்காது?" என்றார் அம்மா. நானும் அதையே நம்பினேன். 22 வயதில் எக்கோ, அதாவது இதய ஸ்கேன், எடுத்தார்கள். 4 முதல் 6 சதுர சென்ரிமீற்றர் வரை திறக்க வேண்டிய மைட்ரல் வால்வு, அதாவது இதயத்தின் இடது பக்க அறைகளுக்கு நடுவிலுள்ள கதவு, எனக்கு 1 சதுர சென்ரிமீற்றர்கூடத் திறக்கவில்லை. போதாததற்குக் கசிவும் இருந்தது.

இலங்கை மலையகத்தில் இருக்கிற நமக்கு முதல் தவறே இங்கேதான் நடக்கிறது. நம் மேடு நோயை மறைத்துவிடும். அதனால் மூச்சு வாங்குகிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். உங்கள் வயதுத் தோழியோடு அதே பாதையில் ஏறிப் பாருங்கள். போன வருடம் எங்கே நின்றீர்கள், இந்த வருடம் எங்கே நிற்கிறீர்கள் என்று யோசியுங்கள். நேராகப் படுக்க முடியாமல் இரண்டு தலையணை வைப்பது, நடுராத்திரியில் மூச்சு முட்டி எழுந்து உட்கார்வது, சும்மா இருக்கும்போதே நெஞ்சு படபடப்பது, இருமலில் ரத்தம் வருவது, இவை எதுவும் மேட்டால் வருவதில்லை. எனக்கு ரத்தம் குறைவு என்று சொல்லி ஒரு வருடம் இரும்புச்சத்து மாத்திரை மட்டுமே கொடுத்தார்கள். ரத்தக் குறைவு நம் பெண்களுக்கு உண்மையிலேயே இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் மாத்திரை போட்டும் இளைப்பு குறையவில்லை என்றால், "நெஞ்சில் குழாய் வைத்துப் பாருங்கள், எக்கோ எடுக்கலாமா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

இந்த வால்வு நோய் பெரும்பாலும் சின்ன வயதுத் தொண்டை வலியில் தொடங்குகிறது. ஸ்ட்ரெப்டோகொக்கஸ் என்ற கிருமி, ஒரே அறையில் ஆறேழு பேர் படுக்கும் இடத்தில் சுலபமாகப் பரவும். 5 முதல் 15 வயதுப் பிள்ளைகள்தான் அதிகம் அகப்படுகிறார்கள். தொண்டை ஆறி இரண்டு மூன்று வாரத்தில் காய்ச்சலோடு முழங்கால் வீங்கும், அது இறங்கினால் கணுக்கால், அப்புறம் மணிக்கட்டு. இதுதான் வாதக் காய்ச்சல். மூட்டு வலி தானாகவே போய்விடும், வால்வில் விழுந்த தழும்பு போகாது. வளர்கிற பிள்ளைக்குக் கால் வலிக்கத்தான் செய்யும் என்று தைலம் தேய்த்துவிட்டு இருந்துவிடாதீர்கள்.

எனக்கு 11 வயதில் கண்டுபிடித்து, நாலு வாரத்துக்கு ஒரு பெனிசிலின் ஊசி எழுதிக் கொடுத்திருந்தார்கள். இரண்டு வருடம் போட்டேன். ஒவ்வொரு ஊசிக்கும் அம்மாவுக்கு ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போகும். நான் நன்றாக ஓடியாடித் திரிந்தேன், "இனி எதுக்கு?" என்று விட்டுவிட்டோம். என் வாழ்க்கையில் நடந்த பெரிய தவறு அதுதான். அந்த ஊசி கெட்ட வால்வைச் சரிசெய்யப் போடுவதல்ல, அடுத்த தொண்டை வலி இன்னொரு தழும்பு போடாமல் காப்பது. நன்றாக இருக்கும்போதுதான் அது வேலை செய்கிறது. வால்வு பழுதானவர்களுக்குப் பொதுவாகக் குறைந்தது 10 வருடம், அல்லது 40 வயது வரை, இதில் எது நீளமோ அதுவரை ஊசி தேவை. ஒப்பரேஷன் செய்த பிறகும் நிறுத்தக்கூடாது. சுவர்க் கலண்டரில் அடுத்த ஊசி நாளை இன்றே வட்டம் போட்டு வையுங்கள்.

சின்ன வயசு, கொஞ்சம் பொறுக்கலாம் என்று ஒப்பரேஷனைத் தள்ளிப்போடுவது அடுத்த தவறு. உங்கள் வயதுக்காக வால்வு காத்திருக்காது. நுரையீரலில் அழுத்தம் ஏறும், இடது மேலறை வீங்கும், துடிப்பு தாறுமாறாகும், உள்ளே ரத்தம் கட்டியாகி மூளைக்குப் போனால் பக்கவாதம். வால்வு வெறுமனே சுருங்கி, மென்மையாக இருந்து, பெரிய கசிவோ உள்ளே ரத்தக் கட்டியோ இல்லையென்றால், நெஞ்சைத் திறக்காமல் தொடை ரத்தக் குழாய் வழியாகப் பலூன் விட்டு விரிக்கலாம். அதனால் பலூன் எனக்குச் சரிவருமா என்று முதலில் கேளுங்கள். எனக்குச் சரிவரவில்லை, உலோக வால்வு வைத்தார்கள். அறை அமைதியானால் அது டிக் டிக் என்று கேட்கும். என் தங்கச்சி முதல் ராத்திரி மணிக்கூடு எங்கே என்று தேடினாள்.

எந்த வால்வு என்று முடிவெடுக்கும்போது பிள்ளை பெறுவது பற்றிப் பேசக் கூச்சப்படாதீர்கள். உலோக வால்வு நீண்ட காலம் உழைக்கும், ஆனால் ரத்தம் கட்டாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை ஆயுளுக்கும் வேண்டும். விலங்குத் திசுவால் செய்த திசு வால்வுக்குப் பெரும்பாலும் வார்ஃபரின் தொடர்ந்து வேண்டாம், ஆனால் இளம் வயதில் சீக்கிரம் தேயும், இன்னொரு ஒப்பரேஷன் வரும். வார்ஃபரின் கர்ப்பத்தின் 6 முதல் 12 வாரத்தில் குழந்தையைப் பாதிக்கக்கூடும். பயந்து நீங்களாக நிறுத்தினால் வால்வில் ரத்தம் கட்டும். பிள்ளைக்கு யோசிக்கும் முன்பே டொக்டரிடம் போங்கள், எதிர்பாராமல் நாள் தள்ளிப்போனால் அன்றைக்கே போங்கள். நோயை மறைத்துக் கல்யாணம் செய்து வைப்பது பற்றி எனக்குக் கோபமே உண்டு. கர்ப்பத்தில் உடம்பில் ரத்தத்தின் அளவு ஏறக்குறைய பாதி மடங்கு கூடுகிறது, சுருங்கிய வால்வால் அதைத் தாங்க முடியாது. மாப்பிள்ளை வீட்டில் சொல்லாமல் விட்டால், அந்தப் பெண் மருந்தையும் ஒளித்துத்தான் குடிக்க வேண்டும்.

வார்ஃபரின் குடிப்பவர்கள், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனையைத் தவறவிடக்கூடாது. மைட்ரல் உலோக வால்வுக்கு வழக்கமாக 2.5 முதல் 3.5 வரை வைத்திருப்பார்கள். ஒரு நாள் மறந்தால் மறுநாள் இரண்டாகப் போடாதீர்கள். வல்லாரைச் சம்பலையும் முருங்கைக்கீரையையும் விடத் தேவையில்லை, வாரத்துக்கு வாரம் ஏறக்குறைய ஒரே அளவாகச் சாப்பிட்டால் போதும். இடுப்பு வலிக்கு டைக்ளோஃபெனக் என்ற வலி மாத்திரை மட்டும் வேண்டவே வேண்டாம், ரத்தக் கசிவு வரும்.

நெஞ்செலும்பு கூட இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை தண்ணீர்க் குடமோ கொழுந்துக் கூடையோ தூக்காதீர்கள். தோட்டத்து ஒபிஸில் காட்ட டொக்டரிடம் கடிதம் வாங்கி வையுங்கள்.

பல்லைக் காட்டப் போனால் வால்வு விஷயத்தை முதலிலேயே சொல்லுங்கள், தேவையென்றால் சிகிச்சைக்கு முன் அன்டிபயோட்டிக் தருவார்கள். காய்ச்சல் வந்தால் வீட்டில் மிச்சம் இருக்கிற அன்டிபயோட்டிக்கைப் போடாதீர்கள். வால்வில் கிருமி ஏறியிருந்தால் ரத்தத்தில் அதைக் கண்டுபிடிக்க முடியாமல் போய்விடும். முதலில் ரத்தம் எடுக்கட்டும், அப்புறம் மருந்து.

என்ன வால்வு, எப்போது வைத்தது, வார்ஃபரின் எவ்வளவு, கடைசி ஐ.என்.ஆர். என்ன என்று ஒரு அட்டையில் எழுதிக் கையோடு வைத்திருங்கள். 1990 என்ற நம்பருக்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்பியூலன்ஸில் வருபவர்களுக்கும் அது உதவும். என்னுடையது கைப்பையில், மழையில் நனையாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறது. அது எங்கே என்று தங்கச்சிக்கும் தெரியும்.