பீச்சுல கிடைக்கிற கிளிஞ்சலை போன்லயே நல்லா படம் எடுக்கிறது எப்படி?

காலைல சென்னை பெசன்ட் நகர் பீச்சுல இருந்து உடைஞ்ச பாலம் வரைக்கும் நடக்கிறது என் வழக்கம். போற வழியில கண்ணுல படுற கிளிஞ்சல், சோழி, நண்டு ஓடு, கணவாய் ஓடு எல்லாத்தையும் போன்ல எடுப்பேன். ரொம்ப நாளா எல்லாமே வெறும் வெள்ளைப் பொட்டாத்தான் வந்துச்சு, நேர்ல பாத்த வரி, மடிப்பு எதுவுமே தெரியாது. அதை எப்படி சரி பண்ணேன்னு சொல்றேன்.

1. சூரியன் வந்து ஒரு மணி நேரத்துக்குள்ள எடுங்க. நம்ம ஊர்ல சூரியன் கடல் பக்கத்துல இருந்து வருது, அதனால கடலுக்கு முதுகு காட்டி நின்னா உங்க நிழலே கிளிஞ்சல் மேல விழும். கடலை இடது கைப்பக்கமோ வலது கைப்பக்கமோ வச்சுக்கிட்டு குத்த வச்சு உக்காருங்க, வெளிச்சம் பக்கவாட்டுல விழுந்து ஒவ்வொரு வரியும் தனியா தெரியும். ஒன்பது மணிக்கு மேலன்னா குடை நிழல்ல வச்சு எடுங்க.

2. லென்ஸை முதல்ல ஊதிட்டு அப்புறம் துடைங்க. மணலோட துடைச்சா கீறல் விழும்.

3. நான் மாட்டிக்கிட்ட இடம் இதுதான். ஈர மணல் கருப்பா இருக்கும், போன் மொத்தமா இருட்டுன்னு நினைச்சு வெளிச்சத்தை ஏத்திடும், உடனே வெள்ளைச் சிப்பி வெளிறிப் போயிடும். அதுக்கு, ஸ்கிரீன்ல சிப்பி மேல விரலை வச்சு அழுத்திப் பிடிங்க, ஃபோகஸ் லாக் ஆகும், பக்கத்துல வர்ற சூரியன் படத்தை மெதுவா கீழ இழுங்க. ஸ்கிரீன்ல கொஞ்சம் இருட்டா தெரிஞ்சா பரவால்ல, இருட்டை அப்புறம் ஏத்திக்கலாம், வெளிறிப்போன இடத்தை எந்த ஆப்பாலயும் மீட்க முடியாது.

இப்படி எடுத்தப்பதான் சில மட்டி ஓட்டுல டிரில் போட்ட மாதிரி வட்டமா ஒரு துளை இருக்கிறதையே கவனிச்சேன். அது வேற ஒரு நத்தை குடைஞ்சு உள்ள இருந்த சதையைத் தின்ன தடம். துளையோட விளிம்பு சரிவா இறங்குறது வரைக்கும் படத்துல தெரியுது, அவ்வளவு அழகு!

4. விலை கம்மி போன்ல ரொம்ப கிட்டக்க வச்சு எடுக்கன்னு வர்ற 2 மெகாபிக்சல் மேக்ரோ லென்ஸ் எனக்குப் பிடிக்கவே இல்ல. மெயின் கேமராவுல ஒரு சாண் தள்ளி எடுத்து அப்புறம் கிராப் பண்ணுங்க.

5. வாய்ப்பக்கம், முதுகுப்பக்கம், நுனி மூணையும் எடுங்க. அளவு தெரிய 10 ரூபா காயின் பக்கத்துல வைங்க, அது 27 மில்லிமீட்டர்.

அப்டேட்: ஒருத்தங்க வலம்புரிச் சங்கு கிடைச்சிருக்குன்னு படம் அனுப்புனாங்க. செல்ஃபி கேமராவுல எடுத்திருக்காங்க, சில போன் கண்ணாடி மாதிரி திருப்பி சேவ் பண்ணிடும், சாதாரண சங்கே வலம்புரி மாதிரி தெரியும். சங்கோட சுருள் தொடங்குற நுனியை மேல வச்சு வாயை உங்களைப் பாக்க வைங்க, சாதாரண சங்குன்னா வாய் வலது பக்கம் இருக்கும், வலம்புரின்னா இடது பக்கம். பின் கேமராவுலயே எடுங்க.

இன்னொரு அப்டேட்: பவளத் துண்டு எடுத்துட்டு வரலாமான்னு கேட்டிருந்தீங்க. வேண்டாம், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல பவளம் பாதுகாக்கப்பட்டது, படம் மட்டும் எடுங்க. கூம்பு மாதிரி இருக்கிற நத்தை உயிரோட இருந்தா கையால தொடவே தொடாதீங்க, விஷ முள் இருக்கு. சங்குக்குள்ள நண்டு குடியிருந்தா எடுத்த இடத்துலயே வச்சிட்டு ரெண்டு நிமிஷம் அசையாம இருங்க, அதுவே வெளிய வரும், அப்ப படம் எடுங்க.