கோப்பு அழிந்துவிட்டது என்று நம்பும் முன்

பழைய கணினியைக் கைமாற்றும் முன் கோப்புகளை டெலிட் செய்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். போதாது. அப்போது அழிவது, கோப்பு எங்கே இருக்கிறது என்ற குறிப்பு மட்டும்தான். ஹார்டு டிஸ்கில் அதே இடத்தில் வேறொன்று எழுதப்படும் வரை கோப்பு அப்படியே கிடக்கும். ஃபோட்டோரெக் போன்ற இலவச மென்பொருளே அதை மீட்டுவிடும். குயிக் ஃபார்மேட்டும் இதே கதைதான். சிம்சன் கார்ஃபின்கல், அபி ஷெலாட் என்ற இரு ஆய்வாளர்கள் பழைய ஹார்டு டிஸ்குகளை வாங்கி ஆராய்ந்து 2003-இல் முடிவை வெளியிட்டார்கள். படிக்க முடிந்த 129 டிஸ்குகளில் முறையாகத் துடைக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே.

நேர்மாறான தவறும் உண்டு. பழைய தரவின் மேல் வேறொன்றை 35 முறை மேலெழுத வேண்டும் என்று அழிக்கும் மென்பொருளை நாள்கணக்கில் ஓடவிடுவது. கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் பீட்டர் குட்மன் 1996-இல் சொன்ன கணக்கு அது. அன்றைய பலவகை டிஸ்குகளுக்கும் சேர்த்து அவர் போட்ட பட்டியல். இன்றைய டிஸ்குக்கு அது வேண்டாம் என்று அவரே பிறகு சொல்லிவிட்டார். சுழலும் டிஸ்க் என்றால் முழுவதையும் ஒருமுறை மேலெழுதினால் போதும்.

சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஒரே இடம் தேயாமலிருக்க, நீங்கள் மேலெழுதுவதை அது சிப்புக்குள் வேறு இடத்தில் கொண்டுபோய் எழுதும். பழைய பிரதி கொஞ்ச நாள் உள்ளேயே இருக்கக்கூடும். அதனால் ஒரு கோப்பை மட்டும் குறிவைத்து அழிக்கும் மென்பொருளை எஸ்எஸ்டியில் நம்பவே கூடாது. இந்த உறுதியைத் தர முடியாமல்தான் ஆப்பிள் 2015-இல் எல் கேப்பிடன் என்ற மேக் இயங்குதளப் பதிப்பிலிருந்து, குப்பைத்தொட்டியை மேலெழுதிக் காலி செய்யும் ‘செக்யூர் எம்ப்டி டிராஷ்’ வசதியை நீக்கியது. தேவையானதை வேறிடத்தில் எடுத்துவைத்துவிட்டு, டிஸ்க் தயாரித்த நிறுவனத்தின் கருவி வழியாக ‘செக்யூர் இரேஸ்’ அல்லது ‘சானிடைஸ்’ கட்டளை கொடுங்கள். அது முழு டிஸ்கையும் துடைக்கும்.

சரி, ஒரு கோப்பை மட்டும் அழிக்க வேண்டுமென்றால்? அதற்குப் பிரதிகள் எத்தனை என்று முதலில் தேடுங்கள்: கிளவுட், பேக்கப், தற்காலிகக் கோப்பு, படங்களின் தம்ப்நெய்ல் எனும் சிறு முன்னோட்டப் படம்.

என்னைக் கேட்டால், கணினி வாங்கிய அன்றே விண்டோஸின் பிட்லாக்கர், மேக்கின் ஃபைல்வால்ட் போன்ற முழு டிஸ்க் என்கிரிப்ஷனை, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி தரவை மாற்றிவைக்கும் வசதியை, போட்டுவிடுவதுதான் நல்லது. பிறகு கைமாற்றும்போது சாவியை அழித்தாலே டிஸ்கில் இருப்பது யாருக்கும் புரியாத எண்குவியல். ஆனால் மீட்புச் சாவியின் பிரதி உங்கள் ஆன்லைன் கணக்கிலோ, அச்சிட்ட தாளிலோ இருக்கலாம். அப்போது அதையும் மறக்காமல் அழித்துவிடுங்கள்.