கடையை மூடியாச்சு, சாவி யாரிடம் இருக்கிறது?

என் மச்சான் அல்சூரில் டிபன் கடை வைத்திருந்தார். மாத வாடகை 30,000. பெங்களூரு வழக்கப்படி பத்து மாத அட்வான்ஸ், 3 லட்சம். 14 மாதம் ஓட்டிப் பார்த்தார், முடியவில்லை. கிரைண்டரையும் பெஞ்சுகளையும் வண்டியில் ஏற்றினார். "அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்க சார்" என்று ஓனருக்கு போனில் சொன்னார். ஷட்டரை இறக்கிப் பூட்டி, சாவியை வீட்டு ஆணியில் மாட்டிவிட்டார். நான்காவது மாதம் வக்கீல் நோட்டீஸ் வந்தது. சாவி அதே ஆணியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

நம் ஆட்கள் அதிகம் செய்யும் தவறு இதுதான். வியாபாரம் நின்றால் வாடகையும் நின்றுவிடும் என்று நினைக்கிறோம். 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம், 108-ஆம் பிரிவில், குத்தகை முடிந்ததும் இடத்தை உரிமையாளர் கையில் ஒப்படைப்பது வாடகைதாரரின் கடமை என்கிறது. சாவி உங்களிடம் இருக்கும்வரை இடமும் உங்கள் வசம்தான். அதனால் அக்ரிமெண்டில் சொன்னபடி முதலில் எழுத்தில் நோட்டீஸ் கொடுங்கள். அப்புறம் சாவியைக் கொடுக்கும் நாளில் ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள்: தேதி, எத்தனை சாவி, மின் மீட்டர் ரீடிங், பாக்கி எவ்வளவு, திரும்ப வர வேண்டிய அட்வான்ஸ் எவ்வளவு. இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். காலி கடையை வீடியோவும் எடுத்து வையுங்கள். ஓனர் சாவியை வாங்க மறுத்தால், சாவி தயாராக இருக்கிறது என்று ஸ்பீடு போஸ்டில் கடிதம் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது லாக்-இன், அதாவது இடையில் காலி செய்ய முடியாது என்று ஒப்புக்கொண்ட காலம். மச்சானின் அக்ரிமெண்டில் 24 மாதம் என்று இருந்தது. கையெழுத்துப் போட்ட அன்று அதை அவர் படிக்கவே இல்லை. மீதி பத்து மாத வாடகையைக் கேட்டார் ஓனர், அட்வான்ஸ் முழுக்க அதற்கே சரி. ஆனால் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு, ஒப்பந்தத்தில் எழுதிய தொகையை உச்சவரம்பாக வைத்து, நியாயமான இழப்பீட்டைத்தான் தரச் சொல்கிறது. ஆகவே முழுத் தொகைக்கும் உடனே தலையாட்ட வேண்டாம். கடையை மூடும் முன்பே இன்னொரு வாடகைதாரரைத் தேடி ஓனரிடம் அழைத்துப் போங்கள். பேச்சுவார்த்தையில் இதைவிடப் பலமான வாதம் எனக்குத் தெரியவில்லை. ஆறாவது மாதம் ஒரு மொபைல் கடைக்காரர் வந்த பிறகுதான் ஓனர் இறங்கி வந்தார். ஆறு மாத வாடகையும் சுவர் வேலைக்கு 15,000-மும் பிடித்துக்கொண்டு 1,05,000 திருப்பிக் கொடுத்தார். அந்த மொபைல் கடைக்காரரை இரண்டாவது மாதமே கூட்டிப் போயிருக்கலாம் என்று எனக்கு இன்றும் வருத்தம்.

அந்தச் சுவர் வேலை, புகைபோக்கிக்காகப் போட்ட ஓட்டை. பழகிப் பழகி மங்கிய பெயிண்ட், தேய்ந்த தரை ஆகியவை இயல்பான தேய்மானம், அதற்கு நீங்கள் பொறுப்பில்லை. நீங்கள் உடைத்ததைச் சரிசெய்து தர வேண்டும். நீங்கள் மாட்டிய ஷெல்ஃப், சிங்க் எல்லாவற்றையும் இடம் உங்கள் வசம் இருக்கும்போதே கழற்றிவிடுங்கள். சாவி கைமாறியபின் சட்டம் அந்த உரிமையைத் தருவதில்லை.

வரப்போகும் மாத வாடகைக்குத் தேதி போட்டு ஓனரிடம் செக் கொடுத்திருந்தால் எண்களைச் சரிபார்த்துத் திரும்ப வாங்குங்கள். கணக்கில் பணமில்லாமல் செக் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் (Negotiable Instruments Act) 138-ஆம் பிரிவில் இரண்டு ஆண்டுவரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. செக் திரும்பியதற்கு ஓனர் அனுப்பும் நோட்டீஸ் கையில் கிடைத்து 15 நாளுக்குள் பணம் கட்டினால் வழக்கு வராது, அந்த நோட்டீஸைப் பிரிக்காமல் மட்டும் வைத்துவிடாதீர்கள்.

தனி உரிமையாளர் கடை என்றால் கடையின் கடன் உங்கள் சொந்தக் கடன். பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்றாலும், சொந்த ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள்.

ஜி.எஸ்.டி. பதிவு இருந்தால் வியாபாரத்தை நிறுத்திய 30 நாளுக்குள் ரத்துக்கு விண்ணப்பித்து, ரத்தான பின் மூன்று மாதத்துக்குள் கடைசி ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டும். பெஸ்காம் (பெங்களூரு மின் நிறுவனம்) பில்லைக் கடைசி ரீடிங்வரை கட்டி, அந்த ரசீதையும் சாவிக் கடிதத்தோடு சேர்த்து வையுங்கள்.