கழிவுநீர் எந்தக் கீரைக்கு ஆகும், எதற்கு ஆகாது?

அரிசியும் பருப்பும் களைந்த நீரைக் கீரைப் பாத்திக்குத் தயங்காமல் ஊற்றலாம். குளியலறை நீரை அவ்வாறு கருதிவிடக் கூடாது. அதில் மலக்கிருமிகள் இருக்கக்கூடும் என்பதால், தரையை ஒட்டி வளரும் சிறுகீரையின் இலையடியில் ஒரு துளி தெறித்தாலும் அவை மண்ணோடு சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். ஆகவே அந்த நீரை, அதை வடிகட்டுவதற்காகக் கல்வாழைச் செடிகள் நட்ட பாத்தி வழியாக விட்டு, இலைகள் உயரத்தில் இருக்கும் முருங்கைக்கும் அகத்திக்கும் மட்டும், வேரருகே மூடாக்கின் (மண்மேல் பரப்பிய சருகு, வைக்கோலின்) கீழ் பாய்ச்சுங்கள். 24 மணி நேரத்துக்கு மேல் தேக்கி வைக்காதீர்கள். பச்சையாக உண்ணும் கொத்தமல்லிக்கும் புதினாவுக்கும் கல்வாழை கடந்த நீரும் வேண்டாம். அந்தப் பாத்தி கிருமிகளைக் குறைக்குமே தவிர ஒழிக்காது. குழந்தையின் மலத்துணி அலசிய நீர் தோட்டத்துக்கே வரக் கூடாது. சலவைத்தூளிலுள்ள சோடியம் மண்ணை இறுக்கும் என்பதால், துவைத்த நீர் பாயும் இடத்தில் தண்ணீர் உள்ளிறங்காமல் மேலேயே நின்றால், சில வாரங்களுக்கு நல்ல நீரை மட்டும் பாய்ச்சுங்கள்.