இழுப்பறையில் எழும்பிய வெனீரைப் படியவைத்தது – என் அனுபவம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுச் சமையலறை அலமாரிகளை நானே பிளைவுட்டில் செய்தேன். கதவுக்கும் இழுப்பறை முகப்புக்கும் 0.6 மில்லிமீட்டர் தேக்கு வெனீர் (மெல்லிய மரத்தாள்), காண்டாக்ட் பசை (இரண்டு பரப்பிலும் பூசி, காயவிட்டு ஒட்டும் பசை) வைத்து ஒட்டியது. மழைக்காலம் வந்ததும் மூன்று முகப்புகளில் கொப்புளம் கொப்புளமாக எழும்பிவிட்டது, மனசே ஆறவில்லை. நல்லவேளை, வார்னிஷ் இன்னும் பூசவில்லை.

நகத்தால் தட்டினால் எழும்பிய இடத்தில் வெற்றுச் சத்தம் கேட்கும், அங்கெல்லாம் பென்சிலால் வட்டம் போட்டுக்கொண்டேன். அப்புறம் பருத்தித் துணியை விரித்து, இஸ்திரிப் பெட்டியை மிதமான சூட்டில் சில விநாடிகள் மட்டும் வைத்து எடுத்து, சூடு ஆறும்வரை மரக்கட்டையால் அழுத்தித் தேய்த்தேன். காண்டாக்ட் பசை சூட்டில் இளகி மறுபடி பிடித்துக்கொள்ளும், அதனால் பெரும்பாலானவை படிந்துவிட்டன. இரண்டு இடம் மட்டும் அடங்கவில்லை, பசையே படாத இடம் போல. மரத்தின் ரேகையோடு மெல்லிய கத்தியால் கீறி, வெள்ளை மரப்பசையை ஊசிக்குழலால் செலுத்தி, பிளாஸ்டிக் தாளும் பலகையும் வைத்து கிளாம்ப் போட்டு ஓர் இரவு விட்டேன்.

தப்பு என்னுடையதுதான். வெனீரிலும் பிளைவுட்டிலும் பூசிய பசை கையில் ஒட்டாத அளவுக்குக் காய்வதற்குள் அவசரமாக ஒட்டிவிட்டேன். பின்பக்கத்துக்கு வெனீர் போடாததால் ஒரு முகப்பு வளைந்தும் போயிருந்தது. அதைப் புதிதாகச் செய்து இரண்டு பக்கமும் ஒட்டினேன், ஓரங்களையும் விடாமல் மூன்று பூச்சு வார்னிஷ். அதே வெனீர் தாளில் மிச்சம் இருந்ததால் ரேகை பக்கத்து முகப்போடு சேர்ந்துவிட்டது, அதில்தான் எனக்குப் பெரிய சந்தோஷம்.