கண் மஞ்சளுக்குக் காரணம் பித்தக்கல்: எனக்குச் சரியான விதம்

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் தோட்டப் பக்கம் கண் மஞ்சளானால் உடனே கீழாநெல்லி அரைப்பார்கள். எனக்கும் அரைத்தார்கள். பித்தக் குழாயில் சிக்கிய கல்லை எந்தச் சாறும் கரைக்காது. அந்த நாள்கள் வீண்.

முதலில் பார்க்க வேண்டியது மலத்தின் நிறம். மலத்துக்கு நிறம் தருவதே பித்தம்தான். சிறுநீர் தே ஓ (பால் சேர்க்காத தேநீர்) மாதிரி கறுத்து, மலம் களிமண்ணாய் வெளுத்து, உடம்பும் அரித்தால் பித்தம் குடலுக்கு இறங்கவில்லை. ரத்தத்தில் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமியோடு ஏ.எல்.பி., ஜி.ஜி.டி. என்ற நொதிகளும் ஏறியிருந்தால் அடைப்பைச் சந்தேகிப்பார்கள். ஏ.எல்.டி. என்ற கல்லீரல் நொதி பல மடங்கு எகிறியிருந்தால் பெரும்பாலும் கல்லீரல் அழற்சி.

ஸ்கேனுக்கு 6 முதல் 8 மணி நேரம் வெறும் வயிறு. காலையில் ஒரு தே தாரிக் (பால் தேநீர்) குடித்தாலே பித்தப்பை சுருங்கிவிடும், கல் சரியாகத் தெரியாது.

வாய் வழியே எண்டோஸ்கோப் விட்டு, குழாயின் வாயைச் சற்றே கீறிக் கல்லை எடுத்தார்கள். இதுதான் ஈ.ஆர்.சி.பி. அதோடு நிறுத்திவிடாதீர்கள், பித்தப்பையை விட்டுவைத்தால் அடுத்த கல் இறங்கலாம். சிறு துளைகள் வழியே பையையும் எடுத்தாயிற்று. பை போனாலும் கல்லீரல் பித்தம் சுரந்துகொண்டேதான் இருக்கும். சில வாரம் தேங்காய்ப்பாலும் பொரித்ததும் குறைத்தேன்.

வலது விலாவுக்குக் கீழே வலி, மஞ்சள், நடுக்கத்தோடு காய்ச்சல் மூன்றும் சேர்ந்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள், அன்றிரவே அவசரப் பிரிவுக்குப் போங்கள். செம்பனைக் காட்டில் வேலை செய்பவருக்குக் காய்ச்சல், கெண்டைக்கால் வலியோடு மஞ்சள் வந்தால் அது எலிக்காய்ச்சலாகவும் இருக்கலாம். என்ன வேலை என்பதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.