மேல்மலைப் புல்வெளியில் செய்யக்கூடாதவை

தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் மரக்கன்று ஏற்றிய வேன்கள் நீலகிரிக்கு ஏற ஆரம்பித்துவிடும். வருகிறவர்கள் உழைப்புக்கு அஞ்சாத பிள்ளைகள், அதில் குறையில்லை. ஆனால் மேல்மலைப் புல்வெளியையும் சோலையையும் மீட்கும் இந்தப் பணியின் தொடக்க காலத்தில் எங்கள் தலைமுறை செய்து கெடுத்ததையே ஒன்றுவிடாமல் திரும்பச் செய்கிறார்கள். நெகிழிப் பையைக் கழற்றிவிட்டு நடுங்கள், குப்பை போடாதீர்கள் என்றெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அது தெரியாதவர்கள் மலைக்கே வர வேண்டாம்.

வெறும் புல்தானே என்று மரம் நடுவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

நீலகிரியிலும் பழனி மலையிலும் சுமார் 1800 மீட்டருக்கு மேலே போனால், மடிப்புகளில் சோலை எனப்படும் குட்டையான அடர்காடும் சரிவுகளில் புல்லுமாக நிலம் மாறி மாறி வரும். காட்டை யாரோ வெட்டியதால் அந்தப் புல் வந்தது என்று பலர் நம்புகிறார்கள். நீலகிரியின் சதுப்பு மண்ணை ஆராய்ந்தவர்கள் 20,000 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே புல் இருந்ததைக் காட்டிவிட்டார்கள். அப்போது இங்கே கோடரி ஏது?

மரம் அங்கே வராததற்கு முக்கியக் காரணம் உறைபனி. டிசம்பர், ஜனவரி இரவுகளில் திறந்த சரிவு வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிட்டு உறைந்துபோகும். சோலைக்குள் மேற்கிளைகள் வெப்பத்தைப் பிடித்துவைப்பதால் கன்றுகள் பிழைக்கும். செந்நிறப் பூப் பூக்கும் ரோடோடென்ட்ரான் போன்ற ஒன்றிரண்டு மரங்களுக்கு மட்டுமே வெளியே நிற்கும் தெம்பு உண்டு.

ஒரு குழு ஒரு சரிவு முழுவதும் சோலை மரக்கன்றுகளை நட்டுவிட்டுப் போனது. நல்ல நாற்றுகள், ஒழுங்கான குழிகள். ஜனவரியில் போய்ப் பார்த்தேன். இலைகள் கறுத்துச் சுருண்டு, தொட்டால் பொடிந்தன. சோலை ஓரத்தில் நட்டவை மட்டும் உயிரோடு இருந்தன. ஆனால் செத்த கன்றுகளின் குழிகளுக்குள் வேறொன்று பச்சையாக நின்றது. குனிந்து பார்த்தால் சிறகு சிறகாக இலை விட்ட சீகைக் கன்று! புல்லின் வேர்ப்பின்னலுக்கு அடியில் உறங்கிக் கிடந்த விதையை மண்வெட்டி எழுப்பிவிட்டிருந்தது. சோலையை உருவாக்க வந்தவர்கள் சீகைக்குக் குழி வெட்டிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

வாட்டில் என்று ஆங்கிலேயர் அழைத்த இந்தச் சீகையும், கற்பூர மரம் என்று இங்கே சொல்லும் யூகலிப்டஸும் 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவை. தோல் பதனிடும் பட்டைக்கும் மரக்கூழுக்கும் என்று சுதந்திரத்துக்குப் பிறகு அரசே இவற்றைப் பெருமளவில் நட்டது. பதிவேட்டில் தரிசு என்று இருந்த நிலம்தானே, யார் கேட்பார்கள்? பழனி மலையில் 1973க்கும் 2014க்கும் இடையே புல்வெளியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டதாகச் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வு சொல்கிறது.

போனது புல் மட்டும் என்றால் கூடப் பரவாயில்லை. நீலகிரியின் கிளென்மார்கனில் 1972இல் ஒரு புல்வெளி நீர்ப்பிடிப்புப் பகுதியில் பாதிக்குச் சற்று மேலான பரப்பில் கற்பூர மரம் நட்டு, பக்கத்துப் புல்வெளியோடு ஒப்பிட்டு ஓடைநீரை அளந்தார்கள். முதல் பத்தாண்டில் ஆண்டு ஓட்டம் 16 சதவீதம் குறைந்தது. வெட்டிய மரம் மறுபடி துளிர்த்தபோது இழப்பு சுமார் 25 சதவீதமானது. வேர்தான் ஏற்கனவே ஆழமாக இறங்கிவிட்டதே. மழையில்லாத மாதங்களின் ஓட்டம் இன்னும் மோசமாக அடிபட்டது. பைக்காராவும் பவானியும் கோடையில் நம்பியிருப்பது அந்த மாதங்களின் கசிவைத்தான்.

இத்தனையும் சொன்ன பிறகு ஒரு இளைஞர் பறவைப் பட்டியலை நீட்டினார். நட்ட இடத்தில் பறவை வகைகள் கூடியிருக்கின்றனவாம். வாங்கிப் பார்த்தேன். செம்மீசைச் சின்னான், வெள்ளைக்கண்ணி, தையல்சிட்டு என்று ஊர்த் தோட்டங்களில் திரிகிறவையாகவே வரிசையாக வந்திருந்தன. நீலகிரி நெட்டைக்காலி இல்லை. தரையில், புல் தூருக்கு அடியில் கூடு கட்டும் பறவை அது. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதி மேட்டுப் புல்வெளிகளை விட்டால் உலகில் வேறெங்கும் கிடையாது. வீட்டில் எலியும் கறையானும் குடியேறிய பின், குடும்ப உறுப்பினர் எண்ணிக்கை கூடிவிட்டது என்று கணக்குக் காட்டுவதும் இதுவும் ஒன்றுதான். எத்தனை வகை என்று எண்ணும் முன், எந்த வகை போனது என்று பாருங்கள். வரையாடும் குறிஞ்சிச் செடியும் எண்ணிக்கையை ஈடுகட்ட வேறிடத்திலிருந்து வரப்போவதில்லை.

சீகையை வெட்டியதோடு கிளம்பிவிடுவது

அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் காத்திருக்கும். வெட்டிய இடத்தில் வெயில் பட்டதும் கூட்டமாக முளைக்கும். ஆண்டுதோறும் கையால் பிடுங்க ஆள் இருந்தால் மட்டும் வாளை எடுங்கள். பிடுங்கும் நாளில் புகைப்படம் எடுக்க யாரும் வரமாட்டார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். வயதான சீகைத் தோப்பாக இருந்தால் முதலில் உள்ளே நடந்து பாருங்கள். நிழலில் சோலைக் கன்றுகள் தாமாக வந்திருக்கக்கூடும். அங்கே மொட்டையடிப்பது இரட்டை நட்டம்.

தீ வைப்பது

தோடர்கள் அந்தக் காலத்தில் எரித்தார்களே என்பார்கள். அன்று மண்ணுக்குள் சீகை விதை இல்லை. அதன் கெட்டித் தோல் சூடு பட்டால் திறந்துகொள்ளும்.

பழியெல்லாம் காலநிலை மாற்றத்துக்கே

உறைபனி குறைந்தால் சோலைக்கும் புல்லுக்கும் உள்ள எல்லை நகரலாம், உண்மைதான். ஆனால் பழனியில் போன புல்லின் மேல் இன்று நிற்பது பெரும்பாலும் மனிதர் நட்ட மரமும் அதன் வாரிசுகளுமே.

கிக்குயு புல்

ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. பசுமையாகத்தான் இருக்கும். நடாதீர்கள்.

நடுவதற்காக நல்ல புல்வெளியைத் தோண்டிப் புல் தூர் எடுப்பது

சாலைக்காக வெட்டிய ஓரங்களில் நாட்டுப்புல் சரிந்து கிடக்கும். அதைப் பிரித்து, மழை விடாமல் பெய்யும் வாரத்தில் நடுங்கள்.